வாசகர் கேள்வி–பதில்: பிரிண்டருக்காக வைஃபையைத் திறந்து வைக்கலாமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பலவும் வீட்டு வைஃபையில் பிரிண்டரை இணைப்பது பற்றியவை. ஹால் டிக்கெட், ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம் என்று எதற்கெடுத்தாலும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடிக்கொண்டிருந்த குடும்பங்கள் இப்போது வீட்டிலேயே பிரிண்டர் வாங்கி வைக்கின்றன. ஆனால் அதை இணைக்கும் அவசரத்தில் வீட்டு நெட்வொர்க்கின் பாதுகாப்பைத் தளர்த்திவிடுவது கடிதத்துக்குக் கடிதம் தெரிகிறது. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: புதிதாக இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினோம். மகளின் செல்போனில் அதற்குரிய செயலியை நிறுவி இணைக்க முயன்றால், வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு 'இணைக்க இயலவில்லை' என்று நின்றுவிடுகிறது. பிராட்பேண்ட் பழுது பார்க்க வந்த தம்பி, வைஃபையின் கடவுச்சொல்லையே நீக்கிவிட்டு இணைத்துப் பார்த்தார், உடனே இணைந்தது. "அப்படியே இருக்கட்டும் சார், ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விட்டுவிடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்

பதில்: விடக் கூடாது, ஐயா. இதைப் படித்து முடித்த கையோடு கடவுச்சொல்லைத் திரும்ப வைத்துவிடுங்கள். அதனால் பிரிண்டர் இரண்டு நாள் வேலை செய்யாவிட்டாலும் பாதகமில்லை.

கடவுச்சொல் இல்லாத வைஃபையில் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, உங்கள் இணைப்பைப் பிறர் பயன்படுத்துவது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன்பு ஊடகங்களுக்கு அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பில் பூட்டின்றித் திறந்து கிடந்த வைஃபை வழியாகச் சென்றது. அந்த வீட்டில் குடியிருந்தவருக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை என்றாலும், காவல்துறையின் விசாரணை அவர் வாசலுக்குத்தான் முதலில் வந்தது. இரண்டாவது ஆபத்து பலருக்கும் தோன்றாதது. பூட்டில்லாத வைஃபையில் செல்போனிலிருந்து பிரிண்டருக்குப் போகும் கோப்பு பெரும்பாலும் மறையாக்கம் இல்லாமலே, அதாவது பிறர் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றப்படாமலே, காற்றில் செல்கிறது. நீங்கள் அச்சிடும் ஆதார் நகலையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும், அலை எட்டும் தூரத்தில் இருக்கும் எவரும் தகுந்த மென்பொருள் இருந்தால் பிடித்துப் படிக்கலாம்.

இனிக் கோளாறுக்கு வருவோம். தம்பி செய்த சோதனையிலேயே பாதி விடை இருக்கிறது. பூட்டை எடுத்ததும் பிரிண்டர் இணைந்தது என்றால், தூரம், சுவர், அலைவரிசை, பிரிண்டரின் வைஃபை பாகம் ஆகியவற்றில் குறை எதுவும் இல்லை. பூட்டின் வகை பிரிண்டருக்குப் புரியவில்லை, அல்லது சாவியை, அதாவது கடவுச்சொல்லை, சரியாகக் கொடுக்கவில்லை. இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும்.

பூட்டின் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997இல் வந்த வெப் (WEP) என்னும் முறை எளிதில் உடைபடுவது என்று 2001இலேயே தெரிந்துவிட்டது. இடைக்கால ஏற்பாடாக 2003இல் டபிள்யூபிஏ வந்தது. அடுத்த ஆண்டே டபிள்யூபிஏ2 வந்தது. 2018இல் டபிள்யூபிஏ3 அறிவிக்கப்பட்டது. இப்போது வீடுகளுக்கு வரும் புதிய ரவுட்டர்கள் சிலவற்றில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைத்திருக்கிறார்கள். வீட்டுப் பிரிண்டர்களில் பல, இன்று கடையில் விற்பவை உட்பட, டபிள்யூபிஏ2 வரைக்கும்தான் அறியும். செல்போன் தடையின்றி இணைகிறது, பிரிண்டர் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.1.1 என்பது போன்ற ஒரு முகவரியும், உள்நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்டிருக்கும். அந்த முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே சென்று, வயர்லெஸ் பகுதியில் செக்யூரிட்டி என்ற இடத்துக்குப் போங்கள். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சில பழைய பிரிண்டர்கள் கலப்பு முறையிலும் தடுமாறும், அப்போது ரவுட்டர் ஒலிபரப்பும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் 2.4க்கு மட்டும் 'டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்' என்று வையுங்கள். டிகேஐபி என்று ஒரு தேர்வும் அங்கே இருக்கும். அது பழைய முறை, அதைத் தொட வேண்டாம். 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்துக்குத் தனிப்பெயர் கொடுத்திருந்தால் அதை டபிள்யூபிஏ3இலேயே விட்டுவிடலாம். செல்போன்கள் அதில் இருக்கட்டும். செல்போன் 5இலும் பிரிண்டர் 2.4இலும் இருந்தால் அச்சிட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ரவுட்டரின் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும்வரை அச்சாவதற்குத் தடையில்லை. முதல்முறை இணைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் செல்போனையும் 2.4 பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. செல்போன் எந்தப் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரையே பிரிண்டருக்கும் கொடுக்க முயலும் செயலிகள் உண்டு. பெரும்பாலான வீட்டுப் பிரிண்டர்கள் 2.4 மட்டுமே அறிந்தவை.

பூட்டின் வகை சரியாக இருந்தும் இணையாவிட்டால் கடவுச்சொல்லைக் கவனியுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. சுழியமும் ஆங்கில 'ஓ' எழுத்தும், ஒன்று என்ற எண்ணும் சிறிய 'எல்' எழுத்தும் ஸ்டிக்கரில் ஒன்றுபோலத் தெரியும். பிரிண்டரின் சின்னத் திரையில் மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்தி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி வைக்கும் மாடல் என்றால், நட்சத்திரக் குறியும் டாலர் குறியும் நிறைந்த கடவுச்சொல் உங்களைச் சோதித்துவிடும். இந்தக் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். குறிகளைத் திணிப்பதைவிட நீளத்தைக் கூட்டுவது மேல். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்து, இருபது எழுத்துக்கு மேல் வரும்படி வைத்தால், ஊகிப்பவருக்கு மிகக் கடினம். பிரிண்டரில் அடிப்பவருக்கோ எளிது. தமிழ் எழுத்திலேயே கடவுச்சொல் வைக்க இயலாது. வைஃபையின் பெயரைத் தமிழில் வைக்கலாம். ஆனால் அதற்கு 32 பைட்தான் இடம், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் பிடிக்கும், புள்ளியும் துணைக்காலும் தனிக்குறியீடுகளே. போதாக்குறைக்குப் பிரிண்டரின் திரையில் அந்தப் பெயர் வெறும் கட்டங்களாகத் தெரியக்கூடும். ஆசை இருந்தாலும் பிரிண்டர் சேரும் நெட்வொர்க்குக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதே நல்லது.

கேள்வி: ரவுட்டரிலும் பிரிண்டரிலும் டபிள்யூபிஎஸ் என்ற பொத்தானை அழுத்தினால் கடவுச்சொல் இல்லாமலே இணைந்துவிடும் என்கிறார் கடைக்காரர். இது பாதுகாப்பானதா?
— இல்லத்தரசி, வேளச்சேரி

பதில்: பொத்தானைப் பயன்படுத்தலாம். அழுத்தியதும் இரண்டு நிமிடம் மட்டும் ரவுட்டர் காத்திருக்கும். அதற்குள் பிரிண்டரிலும் அழுத்தினால் கடவுச்சொல்லை ரவுட்டரே பிரிண்டருக்குக் கொடுத்துவிடும். அந்த இரண்டு நிமிடத்தைத் தவிர மற்ற நேரத்தில் அந்த வழி மூடியே இருக்கும்.

ஆபத்து அதே டபிள்யூபிஎஸ்ஸின் இன்னொரு வடிவமான எட்டு இலக்க 'பின்' எண்ணில் இருக்கிறது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை முதல் நான்கு, பின் நான்கு என்று இரண்டாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000 என மொத்தம் 11,000 முயற்சிகளில் எண் பிடிபட்டுவிடும். 2011 டிசம்பரில் இந்தக் குறை வெளியுலகுக்குத் தெரிந்தது. உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பின் முறையை மட்டும் அணைக்க வழியிருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் பிரிண்டர் இணைந்த பிறகு டபிள்யூபிஎஸ் முழுவதையும் அணைத்துவிடுங்கள். பிரிண்டர் கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளும், இணைப்பு அறுந்துபோகாது. ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்ற அமைப்பில் இருந்தால் இந்தப் பொத்தான் வேலை செய்யாது.

கேள்வி: வாசலருகே பிராட்பேண்ட் நிறுவனம் வைத்த பெட்டியில் ஒரு வைஃபை, படுக்கையறையில் நாங்களே வாங்கி அதோடு கேபிளில் இணைத்த ரவுட்டரில் இன்னொரு வைஃபை. பிரிண்டர் படுக்கையறையில் இருக்கிறது. அங்கிருந்து அச்சாகிறது, ஹாலில் உட்கார்ந்தால் செல்போனுக்குப் பிரிண்டரே தெரிவதில்லை. இரண்டிலும் இணையம் நன்றாகவே வருகிறது. தூரம்தான் காரணமா?
— வங்கி ஊழியர், நங்கநல்லூர்

பதில்: தூரம் காரணமில்லை. உங்கள் வீட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தனி நெட்வொர்க்குகள் இருக்கின்றன. சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் கான்கிரீட் சுவர்களைத் தாண்டி ஒரு பெட்டியின் அலை கடைசி அறைவரை எட்டாததால், இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டுவது வழக்கமாகிவிட்டது. மாட்டுபவர்கள் இரண்டாவது ரவுட்டரில் இணையம் உள்ளே வருவதற்கான 'வேன்' (WAN) துளையில் கேபிளைச் செருகி, இணையம் வந்ததும் வேலை முடிந்தது என்று புறப்பட்டுவிடுகிறார்கள்.

சரிபார்ப்பது எளிது. ஹாலில் இருக்கும்போது செல்போனின் வைஃபை விவரங்களில் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்கு ரவுட்டர் தந்த எண்ணைப் பாருங்கள், 192.168.1.7 என்பது போல ஓர் எண் இருக்கும். பிறகு பிரிண்டரின் அமைப்புகளில் நெட்வொர்க் அறிக்கை என்ற பக்கத்தை அச்சிட்டு அதன் முகவரியைப் பாருங்கள்; அது 192.168.0.12 என்பது போல இருந்தால் விஷயம் உறுதியாகிவிட்டது. முதல் மூன்று எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டு ரவுட்டர் தன் உட்புறத்தை வெளிப்புறத்திலிருந்து மறைத்துக் காக்கிறது. உங்கள் படுக்கையறை ரவுட்டருக்கு ஹாலில் இருக்கும் செல்போனும் வெளியாள்தான். மேலும் செல்போன், 'இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?' என்று நெட்வொர்க்கில் குரல் கொடுத்துத் தேடும் முறை தன் நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டாது.

படுக்கையறை ரவுட்டரை அதன் அமைப்புப் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுவதே இதற்குத் தீர்வு. அப்போது அது தனி நெட்வொர்க் நடத்துவதை விட்டுவிட்டு, வாசலில் இருக்கும் பெட்டியின் நீட்சியாக மட்டும் வேலை செய்யும். அந்த முறை இல்லாத பழைய ரவுட்டர் என்றால், அதன் உள் முகவரியை வாசல் பெட்டியில் பயனில் இல்லாத ஒரு முகவரிக்கு மாற்றி, முகவரி வழங்கும் டிஹெச்சிபி வேலையை நிறுத்திவிட்டு, கேபிளை வேன் துளையிலிருந்து எடுத்து வீட்டுக் கருவிகளுக்கான 'லேன்' (LAN) துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். இந்த வரிசை முக்கியம். கேபிளை முதலில் மாற்றிவிட்டால் இரண்டு பெட்டிகளும் முகவரி வழங்கத் தொடங்கி வீடு முழுவதும் இணைப்பு குழம்பிவிடும். பிறகு இரண்டு பெட்டிகளிலும் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பாதுகாப்பு முறையையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு செல்போனில் மட்டும் தெரியவில்லை என்றால் அந்தக் கருவியின் அனுமதிகளைப் பாருங்கள். ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி தராத செயலியால் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேட முடியாது.

கேள்வி: வைஃபையின் பெயரை மறைத்து வைத்து, கருவிகளின் அடையாள எண்ணைப் பார்த்து, பதிந்தவற்றை மட்டும் அனுமதிக்கும் மேக் முகவரி வடிகட்டியும் போட்டிருக்கிறேன். அதனால்தான் பிரிண்டர் இணையவில்லை என்கிறார்கள். பாதுகாப்புக்காக இரண்டையும் வைத்திருக்கத்தானே வேண்டும்?
— கல்லூரி மாணவர், மயிலாப்பூர்

பதில்: வேண்டியதில்லை. மறைத்த பெயர், உங்கள் கருவி ஒவ்வொரு முறை இணையும்போதும் காற்றில் வெளிப்படையாகவே போகிறது. மேக் முகவரியும் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. அதைக் கேட்டறிந்து போலியாகச் சூட்டிக்கொள்ள முடியும். தெரிந்து வருபவனை இரண்டுமே தடுக்காது, பிரிண்டரைத்தான் தடுக்கும். இரண்டையும் நீக்கிவிட்டு நீளமான கடவுச்சொல் வையுங்கள்.

கேள்வி: மின்சாரம் போய் வந்தால் போதும், கணினியில் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. பிரிண்டரில் வைஃபை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பிரிண்டரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.
— டியூஷன் ஆசிரியை, அம்பத்தூர்

பதில்: வைஃபை விளக்கு எரிவதால் பிரிண்டர் நெட்வொர்க்கில் இருக்கிறது, அதன் முகவரிதான் மாறிவிட்டது. மின்சாரம் வந்ததும் ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரியைப் புதிதாக வழங்கும்போது, நேற்று பிரிண்டரிடம் இருந்த எண் இன்று உங்கள் டிவிக்குப் போயிருக்கலாம். கணினியோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கிறது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற ஏற்பாடு இருக்கும். பிரிண்டரின் நெட்வொர்க் அறிக்கையில் உள்ள மேக் முகவரியை அங்கே பதிந்து, அதற்கென்று ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். மேக் முகவரி பன்னிரண்டு குறிகள் கொண்டது. கேபிள் துளையும் உள்ள பிரிண்டரில் கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என இரண்டு அச்சாகியிருக்கும், வைஃபைக்கு உரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, கணினியில் அந்த எண்ணைக் கொடுத்துச் சேர்த்துவிட்டால், அடுத்த மின்தடைக்குப் பிறகு நீங்கள் எதையும் செய்ய வேண்டியிருக்காது.

ரவுட்டருக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டுவதும் பயன் தரும். ஆனால் உங்களுடையது லேசர் பிரிண்டர் என்றால் அதை அந்த யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். தூளை உருக்கித் தாளில் பதிக்கும் அதன் உருளை சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். செல்போனிலிருந்து அச்சாகிறது; அலுவலக லேப்டாப்பில் விபிஎன் போட்டதும் பிரிண்டர் காணாமல் போகிறது.
— மென்பொருள் பணியாளர், துரைப்பாக்கம்

பதில்: லேப்டாப்பிலிருந்து போகும் எல்லாவற்றையும் விபிஎன் அலுவலகத்துக்குத் திருப்பிவிடுவதால், பக்கத்து மேசையில் இருக்கும் பிரிண்டர் அதற்கு எட்டுவதில்லை. பல நிறுவனங்கள் வேண்டுமென்றே இப்படி அமைக்கின்றன. அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவிடம் வீட்டு நெட்வொர்க் அனுமதி உண்டா என்று கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். அச்சிடுவதற்காக அலுவலகக் கோப்பைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வது வேலைக்கே வினையாகலாம்.

கேள்வி: பிரிண்டரை ஹேக் செய்வார்கள் என்று படித்தேன். அதில் என்ன இருக்கிறது எடுப்பதற்கு? விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் அதைப் போட்டுவிட்டால் போதுமா?
— வாசகி, அண்ணா நகர்

பதில்: பிரிண்டருக்குள் உங்கள் வைஃபை கடவுச்சொல் இருக்கிறது, ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பும் வசதியை அமைத்திருந்தால் அந்த மின்னஞ்சல் கணக்கின் விவரமும் இருக்கிறது. ஒரு சிறிய கணினியே அது. 2018 நவம்பரில், இணையத்தில் யாரும் தொடும்படி திறந்து கிடந்த பிரிண்டர்களுக்கு ஒருவர் ஒரு யூடியூப் சேனலின் விளம்பரத்தை அனுப்பி உலகெங்கும் அச்சாகவைத்தார். சுமார் 50,000 பிரிண்டர்களுக்கு அனுப்பியதாக அவரே அறிவித்தார். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. 9100 என்ற எண்ணுள்ள வாயில் அந்தப் பிரிண்டர்களில் வெளியுலகுக்குத் திறந்தே இருந்தது.

கெஸ்ட் வைஃபை உங்களுக்குப் பயன்படாது. அதில் உள்ள கருவிகளை உங்கள் முதன்மை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைப்பதே அதன் வேலை. பிரிண்டரை அங்கே போட்டால் நீங்களே அச்சிட முடியாமல் போகும். அதை முதன்மை நெட்வொர்க்கிலேயே வைத்துக் காப்பாற்றுங்கள். ரவுட்டரில் பிரிண்டருக்கென்று 'போர்ட் ஃபார்வர்டிங்', அதாவது வெளியிலிருந்து உள்ளே விடும் வழி, எதுவும் இருந்தால் நீக்குங்கள், கருவிகள் தாமாகவே அப்படி வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி என்பதை அணையுங்கள். பிரிண்டரின் ஐபி முகவரியைப் பிரவுசரில் அடித்தால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். அங்கே நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மென்பொருள் புதுப்பிப்பும் அங்கேதான் இருக்கும், தள்ளிப்போடாதீர்கள். 2017இல் டபிள்யூபிஏ2 முறையிலேயே 'கிராக்' என்னும் குறை கண்டுபிடிக்கப்பட்டபோது, கருவிகளின் மென்பொருளைப் புதுப்பிப்பதே அதற்கு மருந்தாக இருந்தது.

பலரும் கவனிக்காத ஒன்று, வைஃபை டைரக்ட். உங்கள் வீட்டு வைஃபை எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், பிரிண்டர் தன் பெயரில் ஒரு தனி வைஃபையை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். சில மாடல்களில் அதன் கடவுச்சொல் ஒன்று முதல் எட்டு வரையிலான எண்களாகவே இருந்திருக்கிறது. செல்போனில் வைஃபை பட்டியலைத் திறந்து, 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயர் உங்கள் பிரிண்டருடையதுதானா என்று பாருங்கள். ஆம் என்றால் அதை அணையுங்கள். தேவைப்படுகிறது என்றால் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கேள்வி: பழைய வைஃபை பிரிண்டரை மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். கொடுக்கும் முன் ஏதாவது செய்ய வேண்டுமா?
— அச்சக உரிமையாளர், திருவல்லிக்கேணி

பதில்: மின்சார வயரைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வைஃபை பெயர், கடவுச்சொல், ஸ்கேன் முகவரிகள், ஃபேக்ஸ் வசதி இருந்தால் அந்த எண்கள் எல்லாம் உள்ளேயே தங்கியிருக்கும். அமைப்புகளில் நெட்வொர்க்கை மட்டும் மீட்டமைப்பது, எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவது என்று இரண்டு தேர்வுகள் தனித்தனியே இருக்கலாம், இரண்டாவதைச் செய்யுங்கள். முடிந்ததும் நெட்வொர்க் அறிக்கையை மறுபடி அச்சிட்டு, உங்கள் வைஃபை பெயர் அதில் இல்லை என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் மேல் அசல் ஆவணம் எதையாவது மறந்து வைத்திருக்கிறீர்களா என்று மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பெரிய அலுவலக மாடல்களில் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதில் பழைய வேலைகளின் நகல் தங்கும் என்பதால், அதை அழிக்கும் தேர்வு இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். பிரிண்டரின் திரை பழுதாகி மீட்டமைக்கவே வழியில்லை என்றால், அதைக் கொடுத்த அன்றே ரவுட்டரில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். வீட்டில் உள்ள மற்ற கருவிகளில் புதியதை ஒருமுறை அடித்தால் போதும்.